சைக்கிள் செயினை அளந்து பாருங்கள்

1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது, பல குடும்பங்களின் முழுச் சொத்தும் ஒரு சைக்கிளில் கட்டிய மூடைகளாகவே வந்தது. நெல்லும் விறகும் தண்ணீரும் சுமக்கும் வண்டியில் விரைவாகத் தேய்வது செயின்.

அழுக்கின்மேல் எண்ணெய் விடாதீர்கள். மணலும் எண்ணெயும் கலந்தால் அரம்போல இரும்பைத் தின்னும். முதலில், நெருப்புக்குத் தூரமாக வைத்து, மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் துடையுங்கள். காய்ந்தபின் ஒவ்வோர் ஆணிக்கும் ஒரு துளி தையல் மெசின் எண்ணெய் விடுங்கள். பெடலைச் சுற்றி, வெளியே நிற்கும் எண்ணெயைத் துடைத்துவிடுங்கள். சமையல் எண்ணெய் வேண்டாம். அது பிசினாகித் தூசியைப் பிடிக்கும்.

தேய்வை அறியப் பிள்ளையின் அடிமட்டம் போதும். செயினை இறுக்கிப் பிடித்து, ஓர் ஆணியின் நடுவில் பூச்சியத்தை வையுங்கள். 12 அங்குலக் கோட்டில் இன்னோர் ஆணியின் நடு நிற்கவேண்டும். அது 1/16 அங்குலம் தள்ளி நின்றால் செயினை மாற்றுங்கள். 1/8 அங்குலம்வரை விட்டால் முன் பின் பற்சில்லுகளும் தேய்ந்துவிடும். ஒரு சாமானுக்குப் போகவேண்டிய காசு மூன்று சாமானுக்குப் போகும்.

இன்று மாலையே அளந்து பாருங்கள்.