முடிவெடுக்க உதவும் புள்ளி விவரங்கள்: பெங்களூரு மாநகரப் பேருந்துகள் தரும் பாடம்

ஒரு நிறுவனத்தை நடத்துவோரின் தலையாய பணி முடிவெடுத்தல் ஆகும். ஆள், பொருள், நேரம் ஆகிய மூன்றும் அளவுக்குட்பட்டவை, தேவைகளோ பலவாகும். எதனை முதலில் செய்வது, எதனைத் தள்ளி வைப்பது என்று தெளிவதற்கு ஆராய்ச்சி வேண்டும். இவ்வுண்மையை நம் முன்னோர் நன்குணர்ந்திருந்தனர். திருக்குறளின் பொருட்பாலில் தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என நான்கு அதிகாரங்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. தன் வலிமை எவ்வளவு, தக்க நேரம் எது, ஏற்ற இடம் யாது என்று அறிந்த பின்னரே வினையில் இறங்க வேண்டும் என்பது அவற்றின் வைப்புமுறையாலேயே விளங்கும்.

இன்று ‘வணிக நுண்ணறிவு’ என்றும் ‘தரவுப் பகுப்பாய்வு’ என்றும் வழங்கப்படுபவை இப்பணிக்குக் கணிப்பொறியைத் துணையாகக் கொள்ளும் முறைகளே ஆகும். அவை பெரிய தனியார் நிறுவனங்களுக்கு மட்டுமே உரியவை என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. மக்கள் அன்றாடம் பயன்படுத்தும் ஒரு பொதுத்துறைச் சேவையைக் கொண்டே அவற்றின் பயனையும் எல்லையையும் அறிந்துகொள்ள இயலும். அதற்குப் பெங்களூரு மாநகரப் போக்குவரத்துக் கழகம் ஏற்றதோர் எடுத்துக்காட்டு ஆகும்.

கருத்தின் வளர்ச்சி

‘வணிக நுண்ணறிவு முறை’ என்னும் தலைப்பில் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த ஹான்ஸ் பீட்டர் லூன் 1958-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஒரு நிறுவனத்துக்குள் வந்து குவியும் செய்திகளுள் யாருக்கு எது தேவையோ, அதனை அவரிடம் தானாகவே சேர்ப்பிக்கும் ஏற்பாட்டினை அவர் அதில் விளக்கினார். முடிவெடுத்தல் மூன்று படிகளில் நிகழ்கிறது என்று 1960-இல் ஹெர்பர்ட் சைமன் எடுத்துக்காட்டினார். சிக்கல் எங்குள்ளது என்று கண்டறிதல் முதற்படி. மாற்று வழிகளை வகுத்தல் இரண்டாம் படி. அவற்றுள் ஒன்றைத் தேர்தல் மூன்றாம் படி. நிறுவனங்களில் முடிவுகள் எவ்வாறு எடுக்கப்படுகின்றன என்பது பற்றிய ஆராய்ச்சிக்காக 1978-இல் அவருக்குப் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

புள்ளி விவரங்களிடம் ஒரு மேலாளர் கேட்கக்கூடிய கேள்விகள் நான்கு. என்ன நடந்தது? ஏன் நடந்தது? இனி என்ன நடக்கக்கூடும்? அதற்கு நாம் என்ன செய்யலாம்? முதற்கேள்விக்கு விடை சொல்வது எளிது. பெரும்பாலான அலுவலக அறிக்கைகள் அத்துடன் நின்றுவிடுகின்றன. ஏனைய மூன்றுக்கும் விடை காண முயல்வதே பகுப்பாய்வின் நோக்கம்.

கழகமும் அதன் அளவுகோல்களும்

பெங்களூரில் 1940-ஆம் ஆண்டில் ஒரு தனியார் நிறுவனம் நகரப் பேருந்துகளை இயக்கத் தொடங்கியது. 1956-இல் அப்பணி நாட்டுடைமையாக்கப்பட்டது. பின்னர் 1961-இல் அமைந்த மாநிலப் போக்குவரத்துக் கழகத்தின் ஒரு பிரிவாக அது இயங்கியது. 1997-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15 அன்று மாநகரத்துக்கெனத் தனிக் கழகம் உருவாயிற்று. இன்று 6,000-க்கும் மேற்பட்ட பேருந்துகள் அதன் பொறுப்பில் ஓடுகின்றன. கெம்பேகவுடா பேருந்து நிலையத்தை மையமாகக் கொண்டு ஒயிட்பீல்டு, எலக்ட்ரானிக் சிட்டி, பீன்யா தொழிற்பேட்டை என நாற்புறமும் அதன் தடங்கள் விரிந்து செல்கின்றன.

ஒவ்வொரு பேருந்துப் பணிமனையும் தன் செயலைச் சில அளவுகளால் மதிப்பிடுகிறது. ஒரு கிலோமீட்டர் ஓடுவதால் கிடைக்கும் வருவாய், அதற்கு ஆகும் செலவு, இருக்கைகள் நிரம்பும் விகிதம், ஒரு லிட்டர் டீசலில் ஓடிய தூரம், 10,000 கிலோமீட்டருக்கு எத்தனை முறை வண்டி பழுதாகி நின்றது, ஒரு இலட்சம் கிலோமீட்டருக்கு எத்தனை விபத்துகள் நேர்ந்தன என்பன அவற்றுள் முதன்மையானவை. பணிமனையிலிருந்து தடம் தொடங்கும் இடம் வரை பயணிகளின்றி ஓடும் ‘வெற்றுக் கிலோமீட்டர்’ தனியே கணக்கிடப்படும். நாடெங்கும் உள்ள மாநிலப் போக்குவரத்துக் கழகங்கள் இவ்வளவுகளையே பின்பற்றுவதால் ஒன்றை மற்றொன்றுடன் ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது.

முற்காலத்தில் இவ்விவரங்களுக்கெல்லாம் ஊற்றாக இருந்தது நடத்துநர் எழுதும் வே பில் ஆகும். ஒவ்வொரு நிலையிலும் சீட்டுக் கட்டின் எண்ணைக் குறித்து, பணி முடிந்தபின் பணத்துடன் அவர் அதனை ஒப்படைப்பார். எழுத்தர்கள் அவற்றைக் கூட்டித் தொகுத்து முடிப்பதற்குள் நாட்கள் பல கழிந்துவிடும். மின்னணுப் பயணச்சீட்டுக் கருவி வந்த பின்னர் எந்த நடையில், எந்த நிறுத்தத்தில், எத்தனை மணிக்கு, எங்குச் செல்லச் சீட்டு வழங்கப்பட்டது என்பது அப்போதைக்கப்போதே பதிவாகிறது. 2016-இல் கழகம் தொடங்கிய நுண்ணறிவுப் போக்குவரத்து ஏற்பாடு, பேருந்துகளில் பொருத்திய ஜி.பி.எஸ். கருவிகளின் வாயிலாக வண்டிகளின் இருப்பிடத்தைக் கட்டுப்பாட்டு அறையில் காண வழி செய்தது. ஒரு கருவி வருவாயைச் சொல்கிறது; மற்றொன்று நேரத்தைச் சொல்கிறது. இவ்விரண்டையும் பொருத்திப் பார்க்கும்போதே பகுப்பாய்வு தொடங்குகிறது.

சராசரி மறைக்கும் உண்மை

இதனை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம். 40 இருக்கைகள் கொண்ட ஒரு பேருந்து நாளொன்றுக்கு 10 நடைகள் செல்வதாகக் கொள்வோம். காலையிலும் மாலையிலுமாக 4 நடைகளில் 60 பேர் வீதம் 240 பேர் செல்கின்றனர். மற்ற 6 நடைகளில் 10 பேர் வீதம் 60 பேர் செல்கின்றனர். மொத்தம் 300 பயணிகள். மொத்த இருக்கைகள் 400. ஆகவே இருக்கை நிரம்பல் 75 விழுக்காடு என்று அறிக்கை கூறும். இதனைக் காணும் மேலாளர் தடம் நன்றாக நடைபெறுவதாக மனநிறைவு கொள்வார். உண்மையிலோ நெரிசல் வேளையில் அது 150 விழுக்காடு. நண்பகலில் 25 விழுக்காடு. படிக்கட்டில் தொங்கிச் செல்வோரும் வெறுமையாக ஓடும் வண்டியும் ஒரே சராசரிக்குள் மறைந்துவிடுகின்றனர்.

நேரவாரியாகப் பிரித்துப் பார்த்தால் சிக்கல் புலப்படும். எனினும் நண்பகல் நடைகள் இரண்டை நிறுத்திக் காலையில் இரண்டு நடைகளைக் கூட்டிவிடுவதென்பது எழுதுவதற்கு எளிது, செய்வதற்கு அரிது. அந்த வண்டி காலையிலும் ஏற்கெனவே ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. கூடுதல் நடைக்குக் கூடுதல் வண்டியும் பணியாளரும் வேண்டும். ஆதலின் நெரிசல் வேளை வேறாக உள்ள மற்றொரு தடத்திலிருந்து வண்டியைப் பெறலாமா, கூட்டம் மிகுந்த பகுதிக்கு மட்டும் குறுகிய நடைகளை இயக்கலாமா என்று மாற்று வழிகளை ஆராய வேண்டும். தொழிற்சாலைகளின் பணிமுறை தொடங்கும் நேரமும் அலுவலகங்கள் தொடங்கும் நேரமும் வேறுபடுவதால் இதற்கு இடமுண்டு. சைமன் கூறிய இரண்டாம் படி இதுவே.

நட்டம் என்பதன் பொருள்

மற்றொரு கணக்கையும் காண்போம். ஒரு தடத்தில் கிலோமீட்டருக்கு 60 ரூபாய் செலவாகிறது. வருவாய் 40 ரூபாய் எனக் கொள்வோம். கிலோமீட்டருக்கு 20 ரூபாய் நட்டம் என்பதால் அந்த நடையை நிறுத்திவிடலாம் எனத் தோன்றும். ஆனால் அச்செலவில் டீசல், டயர் போன்று ஓடினால் மட்டுமே ஆகும் செலவு 25 ரூபாய் என்றும், ஊதியம், வண்டியின் தேய்மானம், அலுவலகச் செலவு ஆகியவை எஞ்சிய 35 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். நடையை நிறுத்தியதனால் ஊதியமோ தேய்மானமோ குறைவதில்லை. 25 ரூபாய் மிச்சமாகும். 40 ரூபாய் வருவாய் போகும். நட்டத்தைக் குறைக்கச் செய்த செயல் அதனைக் கிலோமீட்டருக்கு 15 ரூபாய் பெருக்கிவிடும். அந்த வண்டியையும் பணியாளரையும் வேறொரு தடத்தில் இதனினும் நன்கு பயன்படுத்த முடிந்தால் மட்டுமே நிறுத்துவது நலமாகும். எந்தச் செலவு முடிவால் மாறும், எது மாறாது என்று பிரித்துக் காட்டாத அறிக்கை மேலாளரைத் தவறான வழியில் செலுத்தும்.

ஏட்டில் ஏறாத பயணி

பயணச்சீட்டுக் கருவி ஏறியவர்களை மட்டுமே எண்ணுகிறது. கூட்டத்தால் ஏற முடியாமல் நிறுத்தத்திலேயே நின்றுவிட்டவர் எந்தப் பதிவிலும் இல்லை. பேருந்து வராதென்று கருதி ஆட்டோவில் சென்றவரும், வேலையையே விட்டவரும் அவ்வாறே. எனவே கருவி காட்டுவது நிறைவேறிய தேவையே ஆகும். உண்மைத் தேவை அதனினும் மிகுதியாக இருக்கலாம். இக்குறையை ஈடுசெய்ய நடத்துநரிடமும் நிறுத்தங்களில் நிற்போரிடமும் கேட்டறிவதைத் தவிர வேறு வழியில்லை.

இரவின் கடைசிப் பேருந்தை இதற்குச் சான்றாகக் கூறலாம். அதில் பத்துப் பேரே இருக்கக்கூடும். கணக்கேட்டில் அது நட்ட நடை. பெங்களூரின் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் பணிபுரிவோரில் பெரும்பான்மையோர் பெண்கள். மாலையில் மிகைநேரம் பணிசெய்து திரும்பும் ஒரு பெண்ணுக்கு அந்தக் கடைசி நடை உண்டு என்ற உறுதியிருந்தால்தான் காலையில் அவர் பேருந்தில் ஏறுவார். கடைசி நடையை நிறுத்தினால் காலை நடையின் வருவாயும் சேர்ந்து குறையும். நடைகளைத் தனித்தனியே எடை போடாமல் ஒன்றோடொன்று பிணைந்தவையாகக் காண வேண்டும் என்பது இதனால் பெறப்படும்.

அளவுகோல் மாறும்போது

கர்நாடக அரசு 2023-ஆம் ஆண்டு ஜூன் 11 அன்று ‘சக்தி’ திட்டத்தைத் தொடங்கியது. இதன்படி அம்மாநிலப் பெண்கள் சாதாரணப் பேருந்துகளில் கட்டணமின்றிப் பயணம் செய்யலாம். அவர்களுக்குப் ‘பூச்சியச் சீட்டு’ வழங்கப்படுகிறது. அதன் மதிப்பைக் கணக்கிட்டுக் கழகங்கள் அரசிடமிருந்து தொகை கோருகின்றன. இதன் பயனாக ஒரு சிறு சீட்டு மூன்று பணிகளைச் செய்கிறது: பயணியின் உரிமைச் சான்றாக, தேவையின் அளவாக, அரசிடம் காட்டும் கணக்காக அது விளங்குகிறது. ரொக்க வருவாயை மட்டும் கொண்டு தடங்களைத் தரம்பிரிக்கும் பழைய முறை இங்குப் பொருந்தாது. பெண்கள் மிகுதியாகச் செல்லும் தடம் ரொக்கக் கணக்கில் ஏழ்மையாகவும், பயணிகள் எண்ணிக்கையில் வளமாகவும் தோன்றும்.

இவ்வாறே 2021-இன் இறுதி முதல் ஒப்பந்த முறையில் இயங்கும் மின்சாரப் பேருந்துகளுக்குக் கிலோமீட்டர் அடிப்படையில் பணம் கொடுக்கப்படுகிறது. அங்கு ஓடிய தூரத்தின் பதிவு செயல்திறன் அளவாக மட்டுமன்றிப் பணம் வழங்கும் பற்றுச்சீட்டாகவும் ஆகிவிடுகிறது. பதிவின் நம்பகத்தன்மை எத்துணை இன்றியமையாதது என்பதை இவ்விரண்டும் உணர்த்தும்.

கவனத்திற்குரியவை

முதலாவதாக, ஓர் அளவையே இலக்காக்கினால் அந்த அளவு கெட்டுவிடும். பணிமனையைக் கிலோமீட்டர் வருவாயால் மட்டும் மதிப்பிட்டால், வருவாய் குறைந்த புறநகர்ப் பகுதிகளைக் கைவிடுவதற்கே அது தூண்டும். நேரந்தவறாமை, விபத்தின்மை, சென்றடையும் பகுதிகள் ஆகியவற்றையும் சேர்த்தே நோக்க வேண்டும்.

இரண்டாவதாக, தரவின் தரம் அதனைப் பதிவு செய்வோரின் கையில் உள்ளது. நெரிசலில் நிறுத்தத்தின் பெயரை மாற்றாமல் சீட்டுக் கிழித்தால், எந்தக் கணிப்பொறியாலும் அப்பிழையைத் திருத்த இயலாது. பதிவின் பயன் தம் பணிச்சுமையைக் குறைக்கிறது என்று நடத்துநர் காணும்போதுதான் அது செம்மையாகும்.

மூன்றாவதாக, மக்களின் போக்குவரத்தைப் பதிவு செய்யும் அதிகாரத்துடன் அதனைக் காக்கும் கடமையும் வருகிறது. எண்முறைத் தனிமனிதத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நாடாளுமன்றம் 2023-இல் நிறைவேற்றியுள்ளது. தடம் வகுக்கத் தேவைப்படுவது எத்தனை பேர் சென்றனர் என்பதே. யார் சென்றார் என்பதன்று.

முடிவுரை

கணிப்பொறி முதற்கேள்விக்கு உடனே விடையளிக்கிறது. இரண்டாம், மூன்றாம் கேள்விகளுக்குத் துணை செய்கிறது. நான்காவது கேள்விக்கு விடை காணும் பொறுப்பு மேலாளருடையது. ஏனெனில் வருவாயையும் சேவையையும் எந்த விகிதத்தில் நிறுத்துப் பார்ப்பது என்பது கணக்கன்று, அது கொள்கை. நிர்வாகம் பயிலும் மாணவர்களும் அலுவலர்களும் தம் மேசைக்கு வரும் எந்த அறிக்கையிடமும் மூன்று வினாக்களைக் கேட்கப் பழக வேண்டும். இந்தச் சராசரிக்குள் மறைந்திருப்பவர் யார்? இந்தப் பதிவில் ஏறாதவர் யார்? இம்முடிவால் மாறக்கூடிய செலவு எது? இவற்றுக்கு விடை தெரிந்தபின் எடுக்கப்படும் முடிவு, நிறுத்தத்தில் காத்து நிற்கும் மனிதருக்குப் பயன்படும் முடிவாக அமையும்.