கொத்தரிசியும் திறைசேரியும்

ஓர் அரசு செய்தற்குரிய தொழில்களைத் திருவள்ளுவர் இறைமாட்சி அதிகாரத்தில் நான்காக வகுத்துள்ளார். பொருள் வருதற்குரிய வழிகளை உண்டாக்குதல் முதலாவது. அவ்வழி வரும் பொருளைச் சேர்த்தல் இரண்டாவது. சேர்த்ததைக் காத்தல் மூன்றாவது. காத்ததை உரியவாறு பகுத்துச் செலவிடுதல் நான்காவது. இந்நான்கிலும் வல்லதே அரசு என்பது அவர்தம் முடிபு. நிதி மந்திரி ஒருவர் வருடந்தோறும் பாராளுமன்றத்திற் சமர்ப்பிக்கும் வரவு செலவுத் திட்டமும் இந்நான்கு தொழில்களையும் பற்றியதே. ஆயின், அத்திட்டத்தையொட்டி எழும் கட்சி வாதங்களைச் செவிமடுக்கும் மாணவன் நான்கும் ஒருங்கே பேசப்படக் கேட்பது அரிது. ஒரு சாரார் பகுத்தலை மட்டும் பேசுவர். மற்றொரு சாரார் காத்தலை மட்டும் பேசுவர். எவர் எதனைப் பேசுகின்றார் என்பது, பெரும்பாலும் அவர் அமர்ந்திருக்கும் ஆசனத்தைப் பொறுத்ததாகவே இருந்து வந்துள்ளது.

இக்கூற்றுக்கு எமது நாட்டின் அண்மைக்காலச் சரித்திரத்திலே தக்க சான்றொன்று உண்டு. அது கூப்பன் அரிசியின் வரலாறு. எம் பழைய மாணவருட் பலர் கூப்பன் புத்தகத்தையும் பையையும் ஏந்திச் சங்கக்கடை வாயிலிற் காத்து நின்றவர்களே. இன்றைய மாணவர்க்கோ அது செவிவழிச் செய்தி மாத்திரம். இருசாரார்க்கும் பயன்படுமெனக் கருதி அதனைச் சிறிது விரித்து நோக்குவாம்.

மானியம் தோன்றிய வகை

இரண்டாம் உலக யுத்தத்துக்கு முன் இலங்கை தான் உண்ட அரிசியிற் பெரும்பகுதியைப் பிற நாடுகளிலிருந்து, சிறப்பாகப் பர்மாவிலிருந்து, பெற்று வந்தது. 1942ஆம் ஆண்டிற் பர்மா யப்பானியர் கைப்பட்டபோது அவ்வழி அடைபட்டது. கிடைத்த அரிசியை எல்லாருக்கும் அளவாகப் பகிரும் பொருட்டு அவ்வாண்டிற் பங்கீட்டு முறை ஏற்பட்டது. யுத்தம் முடிந்த பின்னரும் அம்முறை நீங்கவில்லை. அரசு உலகச் சந்தையில் அதிக விலைக்கு வாங்கிய அரிசியைக் குறைந்த விலைக்கு மக்களுக்கு விற்றது. வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வேறுபாட்டைத் திறைசேரி ஏற்றது. இவ்வேறுபாடே மானியம் எனப்படுவது.

மானியத்தின் இயல்பொன்றை மாணவர் கருத்திற் கொள்ளல் வேண்டும். பாடசாலைக்கோ வீதிக்கோ இவ்வளவு பணம் என அரசு முன்கூட்டியே வரையறுக்கலாம். அரிசி மானியத்தை அவ்வாறு வரையறுக்க இயலாது. விற்கும் விலை இங்கே நிலையாக நிற்க, வாங்கும் விலை கடலுக்கப்பாலே ஏறியும் இறங்கியும் செல்லும். ஆதலால், திறைசேரியின் செலவு நிதி மந்திரியின் பேனாவினால் மாத்திரமன்றி, அந்நிய நாட்டுச் சந்தையினாலும் எழுதப்பட்டது. அச்செலவைத் தாங்கிய வருமானமோ தேயிலை, றப்பர், தெங்கு என்னும் மூன்றன் விலையைச் சார்ந்திருந்தது. அவ்விலையும் எம் கையில் இல்லை.

1953ஆம் ஆண்டின் வழக்கு

1950ஆம் ஆண்டிற் கொரியாவில் யுத்தம் மூண்டது. றப்பரின் விலை உயர்ந்தது, திறைசேரியும் செழித்தது. ஈராண்டு செல்லுமுன் றப்பர் விலை விழுந்தது. அரிசியின் விலையோ உயர்ந்தே நின்றது. வெளிநாட்டுச் செலாவணி விரைந்து கரைந்தது. 1952 டிசெம்பரிற் சீனாவுடன் செய்யப்பட்ட றப்பர் அரிசி உடன்படிக்கை ஆறுதல் அளித்ததாயினும் திறைசேரியின் குறை தீரவில்லை. இந்நிலையில், 1953 யூலையில், நிதி மந்திரி ஜே. ஆர். ஜயவர்த்தனா கொத்து ஒன்று 25 சதமாக இருந்த அரிசியின் விலையை 70 சதமாக்கினார். பாடசாலைப் பிள்ளைகளின் இலவச மதிய உணவு நிறுத்தப்பட்டது. புகையிரதக் கட்டணமும் தபாற் கட்டணமும் உயர்ந்தன.

அரசின் வாதம் இது: இல்லாத பணத்தைச் செலவிடுதல் இயலாது, இன்று உண்பதற்கே யாவற்றையும் செலவிட்டால் நாளை நீர்ப்பாசனத்துக்கும் கைத்தொழிலுக்கும் முதல் எங்கிருந்து வரும்? எதிர்க்கட்சியினரின் வாதம் இது: முதலாண்டுத் தேர்தலில் மலிவான அரிசியைக் காட்டி வாக்குப் பெற்றவர் இப்பொழுது ஏழையின் கலத்திற் கைவைப்பது முறையன்று, குறையை நிரப்பச் செல்வர் மீது வரி விதிக்கலாமே.

1953 ஓகஸ்ட் 12ஆம் நாள் இடதுசாரிக் கட்சிகளின் அழைப்பை ஏற்று நாட்டின் பல பாகங்களில் ஹர்த்தால் நிகழ்ந்தது. கடைகள் மூடின, புகையிரதங்கள் நின்றன. மந்திரிசபை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலிற் கூடியது. அவசரகால நிலை பிரகடனஞ் செய்யப்பட்டது. துப்பாக்கிப் பிரயோகத்தில் உயிர்களும் மாய்ந்தன. ஒக்டோபரிற் பிரதம மந்திரி டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார். அவர்க்குப் பின் வந்த சேர் ஜோன் கொத்தலாவலையின் அரசு அரிசி விலையை ஓரளவு குறைத்தது.

எழுபது ஆண்டுகளுக்குப் பின் நின்று நோக்கும் எமக்கு, இருசாரார் கூற்றிலும் உண்மை உண்டு என்பது தெளிவு. வருமானம் குறைய மானியம் பெருகிற்று என்ற அரசின் கணக்குப் பிழையன்று. ஆயின், ஏறத்தாழ மும்மடங்கான விலையேற்றத்தை ஒரே நாளில் ஏழையின் தலையிற் சுமத்தியதும், அதனோடு சிறுவரின் மதிய உணவையும் பறித்ததும் கணக்கினால் நியாயமாகா. சுமையை யார் தாங்குவது என்ற எதிர்க்கட்சியினரின் வினா நேரியதே. ஆயின், றப்பர் விலை விழும் காலத்தில் அரிசி வாங்குதற்குரிய செலாவணி எவ்வாறு கிடைக்கும் என்பதற்கு அவர்கள் முழுமையான விடை பகரவில்லை. செல்வரிடம் பெறும் வரி ரூபாவாகும். பர்மாவும் சீனாவும் கேட்பது ரூபாவன்று.

ஆசனம் மாறியபோது

இதன் பின் நிகழ்ந்தவை நகைப்பையும் துயரையும் ஒருங்கே தருவன. 1962இல் ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சி அரசின் நிதி மந்திரி பீலிக்ஸ் டயஸ் பண்டாரநாயக்கா பங்கீட்டரிசியைக் குறைக்க முனைந்தார். தம் கட்சி அங்கத்தவரே எதிர்த்தமையால் அவர் அப்பதவியைத் துறக்க நேர்ந்தது. 1966இன் இறுதியில், அரிசியினால் ஒருமுறை பதவி இழந்த டட்லி சேனநாயக்காவின் அரசே வாரம் இரண்டு கொத்தாக இருந்த பங்கீட்டை ஒரு கொத்தாக்கி, அதனை இலவசமாக வழங்கியது. எதிர்க்கட்சியினர் இழந்த கொத்தை மீட்டுத் தருவோமென்றனர். 1970ஆம் ஆண்டுத் தேர்தலில் வென்றனர். நிதி மந்திரியானவர் கலாநிதி என். எம். பெரேரா, 1953இன் ஹர்த்தாலை முன்னின்று நடத்திய தலைவர்களுள் ஒருவர். 1973இல் எண்ணெய், தானியம் ஆகியவற்றின் உலக விலைகள் மிக உயர்ந்தபோது, அவர் காலத்திலேயே இலவச அரிசி குறைக்கப்பட்டது. மாவின் விலை ஏறியது. முன்னர் அவர் மறுத்த வாதத்தைத் திறைசேரியில் அமர்ந்தபின் அவரே கூற நேர்ந்தது.

1977இல் ஜே. ஆர். ஜயவர்த்தனா தானியம் தாராளமாகக் கிடைக்கும் என்ற வாக்குறுதியுடன் பதவிக்கு வந்தார். 1978இல் எல்லார்க்குமிருந்த பங்கீடு வருமானங் குறைந்த குடும்பங்களுக்கு மாத்திரம் என்றாயிற்று. 1979இல் அதுவும் உணவு முத்திரையாக மாறியது. முத்திரையின் பெறுமதி ரூபாவில் நிலைநிற்க, விலைவாசி ஏறிக்கொண்டே சென்றது. விலையை உயர்த்தி 1953இற் பெற முடியாததை, விலையேற்றமே ஓசையின்றிச் செய்து முடித்தது.

இவர்களைப் பொய்யர் என்று தள்ளிவிடுதல் எளிது; எமது கருத்து அஃதன்று. எதிர்க்கட்சி ஆசனத்திலிருந்து நோக்குவோர்க்கு அடுக்களை தெரியும். திறைசேரியிலிருந்து நோக்குவோர்க்கு இறக்குமதிப் பட்டியல் தெரியும். இரண்டும் மெய்க்காட்சிகளே. ஒன்றைக் கண்டவர் மற்றொன்று இல்லையென்று வாதித்தமையே குற்றம்.

வாதத்திற் சேராதவர்

இவ்வாதத்தின் பொழுது எவர் குரலும் கேளாத ஒரு கூட்டத்தினரை நாம் மறத்தல் தகாது. தேயிலையையும் றப்பரையும் விளைவித்து, அரிசி வாங்குதற்கான செலாவணியை ஈட்டித் தந்தவர்கள் மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளர். அவர்களிற் பெரும்பாலோர் 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தாலும் அதனைத் தொடர்ந்த தேர்தற் சட்டத்தாலும் வாக்குரிமை இழந்தனர். கொத்து ஒன்றா இரண்டா என்று கட்சிகள் போட்டியிட்டபோது, அவர்களின் வாக்கைப் பெற வேண்டிய தேவை எக்கட்சிக்கும் பெரிதாக இருக்கவில்லை.

1973, 1974ஆம் ஆண்டுகளில் பங்கீடு குறைந்தபொழுது, கிராமத்தவர்க்கு ஒரு துண்டு வயலோ, மரவள்ளித் தோட்டமோ துணை நின்றது. லயங்களில் வாழ்ந்தோர்க்கு அத்தகைய நிலம் இல்லை. கூலியும் அரிசியுமே கதி. 1974இல் நாட்டின் மரண வீதம் உயர்ந்தது. தோட்டங்களில் அது மிகக் கடுமையாக உயர்ந்தது. பட்டினியால் வாடியோர் தோட்டங்களை விட்டு நகரங்களை நாடி வந்ததைக் கண்டவர்கள் எம்மிடையே இன்றும் உளர். வரவு செலவுத் திட்டத்தின் ஒரு வரியிலே மாற்றப்படும் எண், எங்கோ ஒரு லயத்தில் ஓர் உயிராக இருத்தல் கூடும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

பேசப்படாத இரு தொழில்கள்

வள்ளுவர் கூறிய நான்கனுள் பகுத்தலும் காத்தலும் பற்றியே கட்சிகள் பொருதன. பொருள் வரும் வழியை உண்டாக்குதல் பற்றிய உரை குறைவாகவே எழுந்தது. இதற்கு யாழ்ப்பாணத்தவர் கண்ட உதாரணம் ஒன்று போதும். 1970இன் பின் செலாவணி முடையால் மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு என்பவற்றின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. எம் கமக்காரர் வாழ்வில் ஒளி பிறந்தது. விசுவமடு, முத்தையன்கட்டு முதலிய இடங்களில் இளைஞர் காடு வெட்டி மிளகாய் நட்டனர். அதே காலத்திற் பாணுக்கு வரிசையில் நின்ற நகரத்தவர் அரசைச் சபித்தனர். 1977இன் பின் இறக்குமதி திறந்தபோது, நகரத்தவர் மகிழ்ந்தனர், கமக்காரர் விலையிழந்தனர். ஆதலின், பொருளாதாரம் நன்று, தீது என்று எவரேனும் கூறின், எவர்க்கு என்ற வினாவையும் உடன் வினவுதல் வேண்டும்.

வரி சேர்த்தலாகிய இரண்டாந் தொழிலைப் புறக்கணித்தன் பயனை அண்மையிலும் கண்டோம். 2019இன் இறுதியிற் பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைக்கப்பட்டது. வேறு வரிகள் சில நீக்கப்பட்டன. அரசின் வருமானம் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 8 வீதமளவிற்கு வீழ்ந்தது. அதனோடு கொள்ளைநோயும் கடன்சுமையும் பிற தவறுகளும் சேர, 2022 ஏப்பிரல் 12ஆம் நாள் அரசு வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துதலை நிறுத்தியது. அவ்வாண்டு நாடு கண்ட எரிபொருள் வரிசைகளை எவரும் மறந்திரார். 2024 சனவரியில் அதே வரி 18 வீதமாயிற்று. சர்வதேச நாணய நிதியத்தின் திட்டத்தை எதிரணியிலிருந்து கண்டித்தோர் 2024இல் ஆட்சிக்கு வந்தபின் அத்திட்டத்தைத் தொடர்ந்து நடத்தினர். 1973இன் கதை வேறு உருவில் மீண்டும் நிகழ்ந்தது.

மாணவர் கேட்கவேண்டியவை

ஆதலின், வரவு செலவு விவாதத்தைப் பத்திரிகையில் வாசிக்கும் மாணவர் நான்கு வினாக்களைக் கைக்கொள்வாராக. இப்பணம் எத்தொழிலால் விளைவது? எவரிடமிருந்து சேர்க்கப்படுவது? பஞ்ச காலத்துக்கு அதில் எவ்வளவு காக்கப்படுகின்றது? பகுக்கும்போது எவர் பங்கு குறைகின்றது. அவர்க்கு அதனைச் சொல்ல வாயுண்டா? செலவை வேண்டுவோரிடம் முதல் மூன்றையும் கேட்க. சிக்கனத்தை வேண்டுவோரிடம் நான்காவதைக் கேட்க. விடை தராதவர் எக்கட்சியினராயினும், எம் கட்சியினராயினும், அவர் கணக்கு முடிவுபெறவில்லை என்று கொள்க.

இக்கல்லூரியிற் பயின்றோர் பலர் திறைசேரியிலும் கச்சேரிகளிலும் வங்கிகளிலும் கணக்கெழுதியவர்கள். இன்று பயில்வோருட் சிலரும் அவ்வாசனங்களில் அமர்வர். அவ்வாறு அமருங்கால், தாம் எழுதும் எண்ணுக்கு அப்பால் சங்கக்கடை வாயிலில் பையுடன் நிற்கும் தாயொருத்தியையும், கூப்பன் புத்தகம் இருந்தும் வாக்குச்சீட்டு இல்லாதிருந்த தொழிலாளியையும் அவர்கள் நினைப்பாராயின், நாம் இதனை எழுதிய பயனைப் பெற்றவராவோம்.