மாணவரும் மடிக்கணினியும்

இளங்கலைப் பொருளியல், இரண்டாம் ஆண்டு மாணவி

முன்னுரை

சந்தையில் மண்சட்டி வாங்கும்போதுகூடத் தட்டிப் பார்த்து, ஓசை கேட்டு வாங்குவது நம் வழக்கம். ஆனால், குடும்பத்தின் பல மாதச் சேமிப்பை விழுங்கும் மடிக்கணினியை மட்டும் அதன் நிறத்தையும் விற்பவரின் பேச்சையும் நம்பி வாங்கிவிடுகிறோம். ஒரு செயலில் இறங்குமுன் இழப்பையும் பயனையும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே வள்ளுவர் ‘தெரிந்துசெயல்வகை’ என்று ஓர் அதிகாரம் வகுத்தார். அக்கணக்கைப் போடாமல் நான் பட்ட பாட்டையும், பின்னர் கற்றுக்கொண்டதையும் இக்கட்டுரையில் தொகுத்துக் கூற விழைகிறேன்.

நான் செய்த பிழை

கைலாசபுரத்தில் மாமா வீட்டில் தங்கிப் படிக்கிறேன். 2025-இல் கல்லூரியில் சேர்ந்தபோது, அம்மா தம் தோட்டை அடகு வைத்து 17,000 ரூபாய் அனுப்பினார். அதைக் கொண்டு கடை ஒன்றில் பழைய மடிக்கணினி வாங்கினேன். மேலே பளபளப்பு, ஓரத்தில் ‘ஐ-5’ என்ற ஒட்டுவில்லை. வேறென்ன வேண்டும் என்று எண்ணினேன்.

வீட்டிற்கு வந்த பிறகே உண்மை விளங்கிற்று. மின்கலம் 40 நிமிடம்கூடத் தாங்கவில்லை. ஐ-5 என்பது மெய்தான். ஆனால் ஆறாம் தலைமுறையைச் சேர்ந்தது. விண்டோஸ் 11 அதை ஏற்பதில்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14-ஆம் நாளுடன் முடிந்துவிட்டது.

மாமா பாய்லர் தொழிற்சாலையில் வெல்டர். அவர் என்னைத் திட்டவில்லை. “வெல்டிங் மேலுக்கு எவ்வளவு அழகாக இருந்தாலும் நாங்கள் நம்புவதில்லை அம்மா. எக்ஸ்ரே எடுத்து உள்ளே பார்த்த பிறகுதான் ஒப்புக்கொள்வோம்” என்றார். கணினிக்கு எக்ஸ்ரே எடுப்பது எப்படி என்பதை அன்றிலிருந்து கற்கத் தொடங்கினேன்.

முதற் கேள்வி: வாங்கத்தான் வேண்டுமா?

தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15-ஆம் நாள் தொடங்கியது. எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்த கணினிகள் அரசு, அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களைச் சென்றடைந்தன. பின்னர் 2025-26 நிதிநிலை அறிக்கையில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினியோ மடிக்கணினியோ வழங்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. எனவே, கடன் வாங்குமுன் கல்லூரி அலுவலகத்தில் ஒருமுறை விசாரிப்பது அறிவுடைமை. நான் விசாரிக்கவில்லை.

இரண்டாம் கேள்வி: எந்த வேலைக்கு?

ஒரு கொதிகலனைச் செய்யுமுன், எவ்வளவு நீராவி, எந்த அழுத்தத்தில் தேவை என்றுதான் முதலில் கேட்பார்கள். நாமும் அவ்வாறே கேட்க வேண்டும். கலைக் கல்லூரி மாணவர்களில் பெரும்பாலோர்க்குக் கட்டுரை தட்டச்சு செய்வது, அட்டவணை போடுவது, இணையத்தில் நூல் தேடுவது, பாடக் காணொளி பார்ப்பது ஆகியவையே வேலை. இவற்றுக்கு ஐ-3 அல்லது ரைசன்-3 வகைப் பிராசசரே போதும். காணொளித் தொகுப்பு, முப்பரிமாண வரைகலை போன்றவை செய்வோர்க்கே அதற்கு மேல் வேண்டும். நண்பர் வாங்கினார் என்பது ஒரு காரணமாகாது.

மாற்ற முடியாதவையும் மாற்றக்கூடியவையும்

குறைந்த பணத்தை எங்கே செலவிடுவது? இக்கட்டுரையின் உயிர்நாடி இதுவே: பின்னால் மாற்ற முடியாத உறுப்புக்கு முதலில் பணம் கொடுங்கள், மாற்றக்கூடியதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பிராசசர் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருப்பதால் அதை மாற்ற முடியாது. இதில் பெயரைவிடத் தலைமுறையே முக்கியம். ஐ-5 6200யூ என்பதில் முதல் இலக்கமான 6 ஆறாம் தலைமுறையையும், ஐ-3 1215யூ என்பதில் முதல் இரண்டு இலக்கங்களான 12 பன்னிரண்டாம் தலைமுறையையும் குறிக்கும். இன்டெல் வகையில் எட்டாம் தலைமுறைக்கு முந்தியவற்றைப் பொதுவாக விண்டோஸ் 11 ஏற்காது. ஒட்டுவில்லையைப் பார்த்தேனே தவிர, இந்த எண்ணை நான் பார்க்கவில்லை.

ராம் எனப்படும் நினைவகம் இன்றைய நிலையில் 8 ஜிபியாவது இருப்பது நல்லது. சில கணினிகளில் அதுவும் பற்றவைக்கப்பட்டிருக்கும். சிலவற்றில் கூடுதலாகச் செருக இடமிருக்கும். செருகக்கூடியதெனில் இப்போது 8 வாங்கி, பிறகு 16 ஆக்கலாம்.

சேமிப்பகத்தில் மூன்று வகை உண்டு. பழைய ஹார்ட் டிஸ்க்கினுள் தட்டு சுழன்றுகொண்டிருக்கும். மடிக்கணினிகளில் பெரும்பாலும் நிமிடத்திற்கு 5,400 சுற்று. எஸ்.எஸ்.டி.யில் சுழலும் பகுதியே இல்லை. ஆகவே வேகம் மிகுதி, அதிர்ச்சியையும் தாங்கும். மூன்றாவது, மிக மலிவான கணினிகளில் வரும் இ.எம்.எம்.சி. இது எஸ்.எஸ்.டி.யைவிட மெதுவானது, பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். 64 ஜிபி இ.எம்.எம்.சி. கொண்ட புதுக் கணினியைவிட, 256 ஜிபி எஸ்.எஸ்.டி. கொண்ட நல்ல பழைய கணினி மேலானது.

திரையில் 1366க்கு 768 புள்ளிகள் என்றால் மொத்தம் சுமார் பத்தரை லட்சம். 1920க்கு 1080 என்றால் 20 லட்சத்துக்கும் மேல். நாள்தோறும் பக்கம் பக்கமாகப் படிக்கும் கண்ணுக்கு இவ்வேறுபாடு பெரிது.

மின்கலத்தின் கொள்ளளவை வாட்-மணியில் குறிப்பர். 42 வாட்-மணி மின்கலம், சராசரி 7 வாட் செலவழிக்கும் கணினிக்கு 6 மணி நேரம் வரும். இது எளிய வகுத்தல் கணக்கே.

கடையில் செய்யும் சோதனை

பழைய கணினியாயின் மின்னிணைப்பைக் கழற்றிவிட்டு அரை மணி நேரம் அங்கேயே இயக்கிப் பாருங்கள். விண்டோஸில் மின்கல அறிக்கை எடுக்கும் வசதி உண்டு; புதிதாயிருந்தபோது இருந்த கொள்ளளவும் இப்போதுள்ள முழுக் கொள்ளளவும் அதில் தெரியும். இரண்டாவது எண் முதலாவதில் பாதியாக இருந்தால், புது மின்கலத்தின் விலையைக் கழித்துத்தான் பேரம் பேச வேண்டும். விசைகளை ஒவ்வொன்றாக அழுத்துங்கள். கீல் தளர்ந்திருக்கிறதா என மூடித் திறந்து பாருங்கள். வரிசை எண்ணைத் தயாரிப்பாளரின் இணையத்தளத்தில் இட்டு, உத்தரவாதம் எந்நாள் வரை என்று அறியுங்கள். ரசீது இல்லாத பொருளைத் தொடாதீர்கள். தில்லைநகர், கண்டோன்மென்ட் பகுதிகளில் நாலு கடை ஏறி இறங்கினால் செருப்புத்தான் தேயும், பணம் தேயாது.

மென்பொருளில் மிச்சம்

எழுதுவதற்கும் அட்டவணைக்கும் லிப்ரே ஆபிஸ் இலவசம். உபுண்டு போன்ற லினக்ஸ் இயங்குதளங்களும் இலவசமே. தமிழில் எழுதுவோர், 1999-இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையைப் பழகிக்கொள்ளலாம். அதற்கும் காசு வேண்டியதில்லை.

முடிவுரை

என் கணினியை நான் தூக்கி எறியவில்லை. ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு 256 ஜிபி எஸ்.எஸ்.டி. பொருத்தி, உபுண்டு நிறுவினேன். மின்னிணைப்பில் வைத்தே வேலை செய்கிறேன். இக்கட்டுரையும் அதில் எழுதியதே. ஆனால் அம்மாவின் தோடு இன்னும் அடகுக் கடையிலேதான் இருக்கிறது. அரை மணி நேரச் சோதனையும் ஓர் எண்ணைப் படிக்கும் பொறுமையும் இருந்திருந்தால், அதே பணத்தில் இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும் கருவி கிடைத்திருக்கும்.

இவ்வாண்டு புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி, தங்கையரே! உங்கள் கையிலிருக்கும் பணம் யாரோ ஒருவருடைய வியர்வை. வாங்கும் பொருளின் மேலட்டையைப் பாராமல் உள்ளே பாருங்கள். தெரியாவிடில் தெரிந்தவரை அழைத்துச் செல்லுங்கள். கேட்பதில் வெட்கமில்லை, கேளாமல் ஏமாந்த பின்புதான் வெட்கம்.