வழங்கிகளை இணைக்கும் தனி வழிகள்

தமிழ்க் கல்வெட்டுகள் என்றதும் தஞ்சையும் காஞ்சியும் நம் நினைவுக்கு வரும், மைசூர் வருவதில்லை. ஆயினும், இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு 1966-இல் உதகமண்டலத்திலிருந்து மைசூருக்கு வந்தது. தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகளும் இந்நகரில் காக்கப்பட்டன. அவற்றைச் சென்னைக்கு மாற்றுமாறு 2021-இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டது. மைப்படித் தாள் ஓரிடத்தில்தான் இருக்க முடியும். அதன் ஒளிப்படமோ ஈரூர்களிலும் இருக்கலாம் அன்றோ? அப்படி வைப்பதாயின், படங்களைத் தாங்கும் வழங்கிகளை, அதாவது சர்வர்களை, எவ்வாறு இணைப்பது? கணிப்பொறியியல் பயிலும் மாணவன் என்ற முறையில் அதனை ஈண்டு விளக்க முயல்கிறேன்.

முதலில், வழங்கிகள் இரண்டும் ஒரே அறையில் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொன்றிலும் இரண்டாவது பிணைய அட்டை ஒன்றைப் பொருத்தி, அவற்றைத் தனிக் கம்பியால் இணைத்துவிடலாம். பல வழங்கிகள் இருப்பின் தனி சுவிட்சு ஒன்று வேண்டும். 10, 192.168 என்று தொடங்கும் முகவரிகள் இத்தகைய உள்வழிகளுக்கென்றே ஒதுக்கப்பட்டவை. பொது இணையத்தில் அவை செல்லா.

இரண்டாவது முறை வி.லேன். பலர் பங்கிடும் சுவிட்சில், ஒவ்வொருவர் செய்திக்கும் ஓர் எண் இட்டுப் பிரிப்பது இது. அவ்வெண் 12 பிட்டு உடையது. ஆதலால் 4094 பிரிவுகள் அமைக்கலாம். வழங்கிகளை வாடகைக்கு விடுவோர் பலரும் இம்முறையையே தருகின்றனர்.

ஊர்கள் வேறானால் என் செய்வது? நிறுவனத்திடம் தனித்தடம் வாடகைக்கு எடுக்கலாம், செலவு மிகும். கல்வி, ஆய்வு நிலையங்களை இணைக்க, 2010-இல் நடுவண் அரசு ஒப்புதல் அளித்த தேசிய அறிவுப் பிணையம் உண்டு. இவை இரண்டும் வாய்க்காவிடில், பொது இணையத்தின் ஊடே வி.பி.என். என்னும் மறைகுழாய் அமைக்கலாம். ஐ.பி.செக், வயர்கார்டு ஆகியவை இதற்கு உதவுவன. இவ்விரண்டும் கட்டணமின்றியே கிடைக்கின்றன.

குழாய் அமைப்போர் இரண்டு செய்திகளை மறத்தல் ஆகாது. ஈரூர்களிலும் ஒரே முகவரி வரிசையை வைத்தால் செய்தி வழி தெரியாது மயங்கும். ஆதலின் வெவ்வேறு வரிசை வேண்டும். தொலைவையும் எண்ண வேண்டும். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீட்டர் செல்லும். மைசூருக்கும் சென்னைக்கும் இடையே சாலைவழி சுமார் 480 கிலோமீட்டர். அவ்வழியே இழை சென்றாலும், போய்வர 5 மில்லிநொடியேனும் ஆகும். இரவில் படங்களைப் படியெடுக்க இது தடையன்று. ஒவ்வொரு பதிவும் ஈரிடத்திலும் எழுதப்பட்ட பின்னரே வேலை தொடர வேண்டும் என்றால், தாமதம் பெருகும்.

இங்கே மாணவர் பலர் மயங்கும் இடம் ஒன்றுண்டு. தனித்திருத்தல் வேறு, பூட்டியிருத்தல் வேறு. வி.லேனும் வாடகைத் தடமும் செய்தியைப் பிறர் செய்தியினின்று பிரிக்கும், பூட்டா. இடையில் கைவைக்க வல்லவன் அதனைப் படிக்கலாம், மாற்றவும் செய்யலாம். குழாயோ மறைக்குறியிட்டுப் பூட்டுகிறது. வழியில் ஒரு பிட்டு மாறினும் அச்செய்தியைத் தள்ளிவிடுகிறது.

“கல்வெட்டு மறைபொருளா? அதற்குப் பூட்டு எதற்கு?” என்று கேட்கலாம். மறைபொருள் அன்று, உண்மையே. ஆனால் ஓர் எழுத்து மாறினால் ஓர் ஊரின் பெயர் மாறும். ஓர் எண் மாறினால் ஓர் அரசனின் ஆட்சியாண்டு மாறும். பூட்டு இங்கே ஒளிப்பதற்கன்று. உள்ளதை உள்ளவாறே சேர்ப்பதற்கு. ஆகவே, எவ்வழியைத் தேர்ந்தாலும் அதன்மேல் பூட்டையும் இடுக என்பதே என் கருத்து.