நாலு பேர் வாயும் நம்ம வண்டியும்

வீட்டுக்குள் என்ன இருக்கிறது என்பது வந்து போகிறவர்களுக்குத்தான் தெரியும். வண்டி தெருவில் நிற்கிறது. அதனால் அதைப் பற்றிச் சொல்ல எல்லோரிடமும் ஏதாவது இருக்கிறது. ‘இன்னும் இதையா ஓட்டுறீங்க?’, ‘இதுக்குப் போயா இவ்வளவு காசு போட்டீங்க?’, ‘இது லேடீஸ் வண்டியாச்சே!’ டி.வி.எஸ். எக்ஸெல் மொபெட் வைத்திருப்பவருக்கும் பழைய மாருதி வைத்திருப்பவருக்கும் இது அன்றாடம். புது வண்டிக்காரரும் தப்புவதில்லை. இந்தப் பேச்சில் காதில் வாங்க வேண்டியதும் உண்டு, அப்படியே விட்டுவிட வேண்டியதும் உண்டு. இரண்டையும் பிரித்துக்கொள்ளச் சில குறிப்புகள்.

1. ‘பின் டயர் மொட்டையாயிடுச்சு’, ‘பிரேக் லைட் எரியல’, ‘சைலன்ஸர்ல நீலப் புகை வருது’ என்று யாராவது சொன்னால் அது வண்டியைப் பற்றிய பேச்சு. நன்றி சொல்லிவிட்டு அன்றைக்கே பார்த்துவிடுங்கள். நீலப் புகை என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது. தள்ளிப்போடப் போடச் செலவு ஏறும். ‘உங்க உத்தியோகத்துக்கு இந்த வண்டியா?’ என்பது உங்களைப் பற்றிய பேச்சு. அதற்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. சிலர் இரண்டையும் சேர்த்தே கொட்டுவார்கள்: ‘இந்த ஓட்டை வண்டியத் தூக்கிப் போடுப்பா, டயரைப் பாரு, நூல் தெரியுது.’ முதல் பாதி கோபத்தைக் கிளப்பும். அந்தக் கோபத்தில் டயரைப் பார்க்காமல் போய்விடாதீர்கள்.

2. டயரைப் பற்றி ஆளுக்கொன்று சொன்னால் குனிந்து நீங்களே படித்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் ஒரு நீள்வட்டக் கட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. பட்டன்களுக்கு இடையே உள்ள பள்ளத்தில் ஆங்காங்கே சிறு மேடு தட்டுப்படும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் மாற்ற வேண்டியதுதான்.

3. ‘எவ்வளவு கொடுக்குது?’ என்ற கேள்விக்கு வாய்க்கு வந்ததைச் சொல்லாமல் கணக்கு வைத்திருங்கள். பங்கில் குழாய் தானாக நிற்கும் வரை டேங்க்கை நிரப்பி, கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். ஓட்டிவிட்டு அதே பங்கில் அதே போல மறுபடி நிரப்புங்கள். 310 கிலோமீட்டர் ஓடி 15.5 லிட்டர் பிடித்தால் லிட்டருக்கு 20. மாதம் ஒருமுறை எழுதிவந்தால், யார் எதைச் சொன்னாலும் உங்கள் வண்டியின் உண்மை உங்கள் கையில் இருக்கும். எண்ணிக்கை திடீரென்று இறங்கினால் முதலில் காற்றையும், சக்கரத்தைப் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

4. ‘எப்ப வண்டி மாத்தப் போறீங்க?’ கல்யாண மண்டபத்தில், அலுவலக ஸ்டாண்டில், அப்பார்ட்மென்ட் லிஃப்ட்டில் என்று எங்கும் வரும் கேள்வி இது. இதற்குப் பயந்து கடன் வாங்கிய குடும்பங்கள் நிறைய. எனவே வீட்டில் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். 8 லட்ச ரூபாயை 9 சதவீத வட்டிக்கு ஐந்து ஆண்டுக் கடனாக எடுத்தால் மாதத் தவணை சுமார் 16,600. ஐந்து ஆண்டில் கட்டுவது சுமார் 9,96,000. வட்டி மட்டும் 2 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதே ஐந்து ஆண்டில் வண்டியின் மதிப்பு எப்படி இறங்கும் என்பதற்கு இன்ஷூரன்ஸ்காரர்கள் வைத்திருக்கும் வழக்கமான அளவே இருக்கிறது: ஆறு மாதத்துக்குள் 5 சதவீதம், ஒரு வருடத்துக்குள் 15, இரண்டு வருடத்துக்குள் 20, பிறகு 30, 40, ஐந்தாம் ஆண்டில் 50. இதற்குப் பக்கத்தில், போன வருடம் பழைய வண்டிக்கு ஆன சர்வீஸ், டயர், பேட்டரி செலவை எழுதுங்கள். இரண்டையும் பார்த்த பிறகும் மாற்றத்தான் வேண்டும் என்று தோன்றினால் தாராளமாக மாற்றுங்கள். அது உங்கள் முடிவு. கேட்டவருக்கு, ‘நல்லா ஓடிக்கிட்டிருக்கு, மாத்தும்போது சொல்றேன்’ என்பது போதும். மாற்றும்போது ஒன்றை மறக்க வேண்டாம்: நோ கிளெய்ம் போனஸ் உங்களுக்கு உரியது, வண்டிக்கு அல்ல. பழைய காருக்குச் சேர்த்த போனஸைப் புதுக் காரின் பாலிசிக்குக் கேட்டு வாங்கலாம்.

5. விலை குறைந்த வண்டி என்பதாலேயே ஒன்றை ஒதுக்காதீர்கள். 2008 ஜனவரியில் டெல்லி வாகனக் கண்காட்சியில் டாடா நானோ வந்தபோது நாடே ‘ஒரு லட்ச ரூபாய் கார்’ என்று கொண்டாடியது. பின்னால் இன்ஜின், 624 சி.சி., நாலு பேர் தாராளமாக உட்காரலாம், சந்துக்குள்ளும் திரும்பும். ஆனால் அந்த ‘மலிவு’ என்ற பெயரே அதற்கு வினையானது. அப்படி விற்றது தவறு என்று ரத்தன் டாடாவே பின்னாளில் வெளிப்படையாகச் சொன்னார். தொடக்கத்தில் சில வண்டிகள் தீப்பிடித்தது போன்ற வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் தேவை இருந்தும் வாங்கக் கூச்சப்பட்டவர்கள் ஏராளம். 2018இல் உற்பத்தி ஓய்ந்தது. மழையில் மனைவி, இரண்டு பிள்ளைகளோடு பைக்கில் போகிற ஒருவருக்கு எந்தச் சிறிய காரும் நல்ல காரே.

6. ‘15 வருஷம் ஆச்சே, இனி ஓட்டக் கூடாதே’ என்று பயமுறுத்துவார்கள். 10 ஆண்டு டீசல், 15 ஆண்டு பெட்ரோல் என்ற பேச்சு டெல்லி வட்டாரத்தின் காற்று மாசுக்காகப் பிறந்த உத்தரவுகளிலிருந்து வந்தது. தமிழ்நாட்டில் சொந்த உபயோக வண்டியின் ஆர்.சி. 15 ஆண்டுக்குச் செல்லும். அதன் பிறகு படிவம் 25 கொடுத்து, ஆர்.டி.ஓ. ஆபீஸில் வண்டியைக் காட்டி, ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கலாம். பசுமை வரியும் கட்ட வேண்டும். காலாவதிக்கு முந்தைய 60 நாளுக்குள் விண்ணப்பித்துவிடுங்கள். இன்ஷூரன்ஸும் புகைச் சான்றிதழும் உயிரோடு இருக்கட்டும்.

7. பிள்ளைகள் சொல்வதுதான் உண்மையில் வலிக்கும். ஆறாம் வகுப்போ ஏழாம் வகுப்போ வந்ததும் ஒருநாள், ‘அப்பா, ஸ்கூல் கேட்டுக்கிட்ட வேணாம், முனையிலேயே இறக்கி விட்டுடுங்க’ என்று குரல் வரும். அந்த இடத்தில் ‘நாங்கெல்லாம் நடந்தே போனோம்’ என்று ஆரம்பிக்காதீர்கள். முனையில் ரோட்டைக் கடக்க வேண்டியதில்லை என்றால் சில நாள் அங்கேயே இறக்கிவிடுங்கள். கடக்க வேண்டியிருந்தால் மட்டும் உறுதியாக மறுத்துவிடுங்கள்.

சாயங்காலம், யார் என்ன சொன்னார்கள் என்று நிதானமாகக் கேளுங்கள். பெரும்பாலும் ஒரே ஒரு பையன் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருப்பான். அறிவுரையை விட வேலை பலன் தரும். ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் கழுவக் கூப்பிடுங்கள். செயினுக்கு ஆயில் விடவும், காற்று பார்க்கவும், ஸ்பார்க் பிளக்கைத் துடைக்கவும் பிள்ளையின் கையில் கொடுங்கள். தன் கையால் துடைத்த வண்டியைப் பிள்ளை அவ்வளவு எளிதில் விட்டுக்கொடுக்காது. கடை வைத்திருப்பவரானால் ஒருநாள் விடிகாலை மார்க்கெட்டுக்குக் கூட்டிப் போங்கள். பின்சீட்டைக் கழற்றிவிட்டு எக்ஸெல்லில் வெங்காய மூட்டை ஏறுவதையும், காலடி இடத்தில் தக்காளிப் பெட்டி உட்காருவதையும் பார்க்கட்டும். தன் ஸ்கூல் ஃபீஸ் எந்த வண்டியில் வருகிறது என்று அதற்கே புரியும். இருவர் போகிற மொபெட் என்று 1980இல் ஓசூரிலிருந்து வந்த டி.வி.எஸ். 50தான் இதன் மூதாதை, இன்றைக்கும் பால்காரர், கீரைக்காரர், துணி வியாபாரி எல்லோரும் நம்புவது இந்த வகையைத்தான் என்பதையும் சொல்லுங்கள்.

இன்னொன்று. எதிர்வீட்டுக்காரர் வண்டியைப் பற்றி நம் வீட்டில் நாம் என்ன பேசுகிறோம் என்பதைப் பிள்ளைகள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

8. ‘லேடீஸ் வண்டி’, ‘ஆம்பளை வண்டி’ என்ற பிரிவினையை வாங்கும் கடையிலேயே விட்டுவிடுங்கள். உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் படிகிறதா, சென்டர் ஸ்டாண்ட் தனியாகப் போட முடிகிறதா, நிற்கிற வண்டியைப் பின்னால் தள்ள முடிகிறதா என்று பாருங்கள். முழங்கால் வலி உள்ள ஆண் கியர் இல்லாத ஸ்கூட்டர் ஓட்டினால் அது புத்திசாலித்தனம். பெண் புல்லட் ஓட்டினால் அது அவர் விருப்பம்.

கார் ஓட்டும் பெண்களுக்குத் தனியாக ஒன்று. ரிவர்ஸ் எடுக்கும்போது எங்கிருந்தோ நாலு பேர் வந்து ‘ரைட்ல ஒடிங்க மேடம், வாங்க வாங்க’ என்று ஆளுக்கொரு பக்கம் கை காட்டுவார்கள். நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக்கைப் போட்டு இறங்கிப் பின்னால் ஒருமுறை பார்த்துவிட்டு ஏறுங்கள். உதவி வேண்டுமென்றால் ஒரே ஒருவரை மட்டும் நிற்கச் சொல்லுங்கள். அவர் கண்ணாடியில் தெரியும் இடத்தில் நிற்கட்டும். அவசரப்படுத்தும் ஹாரனுக்காக ஒரு அடிகூட நகர்த்தாதீர்கள்.

9. ‘அசிங்கமா இருக்கு, கழட்டி வீசு’ என்று புது பைக்கின் சேலை கார்டைக் காட்டிச் சொல்லும் நண்பர்கள் உண்டு. கழற்றாதீர்கள். பின்சக்கரத்தில் குறைந்தது பாதியை மறைக்கும் தடுப்பு வேண்டும் என்பது மோட்டார் வாகன விதி. முந்தானையோ துப்பட்டாவோ சக்கரத்தில் சிக்கினால் கழுத்து இறுகிவிடும், அல்லது ஆளையே கீழே இழுத்துவிடும். வண்டியின் அழகைப் பற்றி வரும் யோசனைகளில் உயிரோடு விளையாடுவது இதுதான். கண்ணாடியைக் கழற்றச் சொல்வதும் இதே கணக்குதான்.

10. நம்பரின் கூட்டுத்தொகை 8 வந்துவிட்டதென்று பெரியவர்கள் வருத்தப்படுவார்கள். பதிவுக்கு முன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். கட்டணம் கட்டி வேறு எண் எடுக்க வழி உண்டு. பதிவான பிறகு அந்தப் பேச்சை வளர்க்க வேண்டாம்.

11. எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கினால் ‘வெடிக்குமாமே’ என்பார்கள். அந்தப் பயம் வெறும் வதந்தி அல்ல. 2022இல் நாட்டில் சில ஸ்கூட்டர்கள் தீப்பிடித்தன; அந்த ஆண்டு டிசம்பர் முதல் பேட்டரிச் சோதனை விதிகளை அரசு கடுமையாக்கியது. ஆகவே சொன்னவரிடம் சண்டைக்குப் போகாமல் வீட்டில் பழக்கத்தைச் சரிசெய்யுங்கள். கம்பெனி கொடுத்த சார்ஜரையே பயன்படுத்துங்கள். வெயிலில் ஓட்டிவந்த சூட்டோடு சார்ஜ் போடாமல் கொஞ்சம் ஆறவிடுங்கள். படுக்கையறையிலோ, வீட்டை விட்டு வெளியேறும் ஒரே வழியிலோ வைத்து சார்ஜ் போடாதீர்கள்.

12. ‘உங்க கார்ல ஏர்பேக்கே இல்லையே’ என்று யாராவது சொன்னால் அதைத் தட்டிக்கழிக்காதீர்கள். 2014இல் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியாவின் ஐந்து சிறிய கார்களை மோதவிட்டுச் சோதித்தது. ஏர்பேக் இல்லாத அந்த ஐந்துக்கும் கிடைத்தது பூஜ்யம். டிரைவர் ஏர்பேக் கட்டாயமானது 2019 ஜூலையில்தான். அதற்கு முந்தைய அடிப்படை மாடல் என்றால் ஊருக்குள் ஓட்ட வைத்துக்கொண்டு, நாற்கர சாலையில் நீண்ட பயணத்துக்கு ரயிலையோ பஸ்ஸையோ யோசியுங்கள். பின்சீட்டிலும் பெல்ட் போடுங்கள். குழந்தையை முன்சீட்டில் மடியில் வைக்காதீர்கள். அடுத்த கார் எப்போது என்பதை முடிவு செய்யும்போது இந்த ஒரு காரணத்துக்கு மட்டும் மற்ற எல்லாவற்றையும் விட அதிக எடை கொடுங்கள்.

13. அடுத்தவர் வண்டியைப் பற்றி நீங்கள் வாய் திறக்கவும் நல்ல சந்தர்ப்பங்கள் உண்டு. ‘அண்ணே, ஸ்டாண்டு!’, ‘அக்கா, சேலை சக்கரத்துக்கிட்ட தொங்குது!’ என்று நம் ஊர்த் தெருவில் முகம் தெரியாதவர்கூடச் சொல்லிவிட்டுப் போவார். அப்படிச் சொல்லும்போது பின்னாலிருந்து திடீரென்று கத்தினால் அவர் பதறித் திரும்புவார். வலப்பக்கமாகச் சமமாகப் போய், ஒருமுறை லேசாக ஹாரன் அடித்து, அவர் பார்த்த பிறகு கையால் கீழே காட்டுங்கள். முந்தானை என்றால் வண்டியை ஓரங்கட்டச் சொல்லிவிட்டு, நின்ற பிறகே விஷயத்தைச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஓடிக்கொண்டிருக்கும்போதே குனிந்து இழுக்கப் பார்ப்பார்கள்.