பழைய காருக்கு நீட்டிக்கப்பட்ட உத்தரவாதம்: வாங்கலாமா, வேண்டாமா?

இடருக்கு ஒரு விலை உண்டு என்பதை மட்டாஞ்சேரி வணிகர்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. 1957ஆம் ஆண்டிலேயே அங்கு மிளகுக்கு முன்பேர வணிகம் தொடங்கிவிட்டது. நாளை விலை சரியுமோ என்று அஞ்சியவர் அந்த அச்சத்தை விற்றார். அதைத் தாங்கும் வலிமையுள்ளவர் ஒரு விலைக்கு அதை ஏற்றுக்கொண்டார். பழைய காருக்கு விற்கப்படும் நீட்டிக்கப்பட்ட உத்தரவாதமும் இவ்வகை வணிகமே. காரில் பழுது நேரக்கூடும் என்னும் இடரை நாம் பிறரிடம் ஒப்படைக்கிறோம். அதற்கு ஒரு தொகை தருகிறோம். எனவே நாம் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. அந்தத் தொகை நியாயமானதா? பெற்றுக்கொள்பவர் இடரை உண்மையிலேயே ஏற்கிறாரா?

அதிதிறன் கார்களைப் பொறுத்தவரை இக்கேள்விகள் கூடுதல் கனம் பெறுகின்றன. மட்டாஞ்சேரியில் வசிக்கும் நம் வாடிக்கையாளர் ஒருவர், 2020ஆம் ஆண்டின் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 245 காரை இரண்டாம் கையாக வாங்க எண்ணுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 245 குதிரைத்திறன் கொண்ட டர்போ பெட்ரோல் எஞ்சினும் ஏழு வேக இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸும் உடைய கார் அது. இந்தியாவுக்கு 200 கார்கள் மட்டுமே முழு வண்டியாக இறக்குமதி செய்யப்பட்டன. புதிதாக விற்கப்பட்டபோது காட்சியக விலை 35.99 லட்சம் ரூபாய். ஆண்டுகள் கடந்தபின் காரின் விலை பாதியாகக் குறையலாம். உதிரிபாகங்களின் விலை அவ்வாறு குறைவதில்லை. பாதி விலைக்குக் கார் வாங்கியவரும் முழு விலைக்கே டர்போ வாங்க வேண்டும். உத்தரவாதத்தைப் பற்றிய சிந்தனை இவ்விடத்தில்தான் தொடங்குகிறது.

மூன்று தாள்கள், மூன்று பொருள்கள்

முதலில் ஒரு குழப்பத்தை அகற்றிக்கொள்வோம். தயாரிப்பாளரின் உத்தரவாதம் புதிய காருடன் வருவது. உற்பத்திக் குறைபாட்டைச் சரிசெய்யத் தயாரிப்பாளர் ஏற்கும் பொறுப்பு அது. மோட்டார் காப்பீடு விபத்து, திருட்டு, வெள்ளம், தீ ஆகியவற்றுக்கானது; எந்திரப் பழுதும் மின்பழுதும் தேய்மானமும் அதில் சேரா. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வெற்றிடத்தை நிரப்புவதாகச் சொல்லி விற்கப்படுவதே நீட்டிக்கப்பட்ட உத்தரவாதம்.

அந்த வெற்றிடம் முழுவதும் நிரம்புகிறதா என்பதுதான் கேள்வி. கொச்சியில் இது வெறும் ஏட்டுக் கேள்வி அன்று. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் நெடும்பாசேரி விமான நிலையமே இரண்டு வாரம் மூடிக்கிடந்தது. எண்ணற்ற வாகனங்கள் நீரில் மூழ்கின. கனமழை நாளில் தேங்கிய நீரில் கார் சென்று எஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டால், நீட்டிக்கப்பட்ட உத்தரவாதம் பொதுவாக அதைப் ‘புறக்காரணம்’ என்று ஒதுக்கிவிடும். சாதாரண மோட்டார் காப்பீடும் எஞ்சினுக்கு நேர்ந்த சேதத்தை ‘விளைவுச் சேதம்’ என்று மறுக்கக்கூடும். இதற்கு மருந்து மோட்டார் காப்பீட்டுடன் கூடுதலாக எடுக்கும் எஞ்சின் பாதுகாப்புப் பிரிவு. காயலும் கடலும் சூழ்ந்த ஊரில் வாழ்பவர், உத்தரவாதத்தைப் பற்றி எண்ணுமுன் அந்தப் பிரிவைப் பற்றி எண்ணுவது நல்லது. உப்புக் காற்றால் விளையும் துருவும் பெரும்பாலான உத்தரவாதங்களில் விலக்கப்பட்டதே.

பொறுப்பேற்பவர் யார்?

ஒப்பந்தத் தாளின் தலைப்பில் ஒரு புகழ்பெற்ற காரின் பெயர் இருக்கலாம். அடியில் கையொப்பமிட்டவர் வேறொருவராக இருக்கலாம். தயாரிப்பாளர், முகவர், காப்பீட்டு நிறுவனம், தனி உத்தரவாத நிறுவனம் ஆகிய நால்வரில் எவர் பணம் தரக் கடமைப்பட்டவர் என்பதை அறிய வேண்டும்.

2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த டாடா மோட்டார்ஸ் வழக்கு இங்கு நினைவுகூரத்தக்கது. கோவாவில் ஒரு முகவர், ஏற்கெனவே ஓடிய முந்தைய ஆண்டுக் காரைப் புதிய கார் என்று விற்றிருந்தார். முகவரின் செயலைத் தயாரிப்பாளர் அறிந்திருந்தார் என்று காட்டப்படாத நிலையில், அதற்குத் தயாரிப்பாளரைப் பொறுப்பாக்க இயலாது என்று நீதிமன்றம் கூறியது. இருவரும் தனித்தனி வணிகர்கள் என்பதே அதன் அடிப்படை. இதிலிருந்து நாம் பெறும் பாடம் எளிது: முகவர் தரும் வாக்கு முகவருடையது. அவர் கடையை மூடினால் அவ்வாக்கும் மூடப்படலாம்.

அதிதிறன் காருக்குரிய பொறிகள்

இத்தகைய கார்களை வாங்குவோரில் சிலர் எஞ்சினின் கணினி நிரலை மாற்றித் திறனைக் கூட்டுவர். பின்னர் விற்கும்போது பழைய நிரலையே திரும்ப ஏற்றிவிடுவர். புதிய உரிமையாளருக்கு இது தெரியாது. ஆனால் கியர்பாக்ஸ் பழுதாகி உரிமை கோரும்போது, பணிமனையின் பரிசோதனைக் கருவி பழைய மாற்றத்தின் தடயத்தைக் காட்டிவிடலாம், கோரிக்கை மறுக்கப்படும். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவும் தயாரிப்பாளரின் அளவுக்கூறுகளுக்கு மாறான மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. ஆகவே முந்தைய உரிமையாளர் செய்த மாற்றம் எதுவும் இல்லை என்பதை, விற்பவரிடமிருந்தும் உத்தரவாதம் தருபவரிடமிருந்தும் எழுத்தில் பெறுவது இன்றியமையாதது.

இரண்டாவது பொறி தேய்மானம். கிளட்ச், பிரேக் தகடு, டயர் ஆகியவை எங்கும் விலக்கப்பட்டவை. அதிதிறன் காரில் விரைவில் தேய்பவையும் செலவு வைப்பவையும் இவையே.

மூன்றாவது, சர்வீஸ் பதிவேடு. உரிய கிலோமீட்டரில் எஞ்சின் எண்ணெயும் கியர்பாக்ஸ் எண்ணெயும் மாற்றப்பட்டதற்குச் சான்று இல்லையேல், மறுப்பதற்குக் காரணம் தேட வேண்டியதே இல்லை.

நான்காவது, பணமின்றியே கிடைக்கும் உரிமையை மறப்பது. இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ் கோளாறுகளுக்காக 2013இல் சீனாவில் ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் 3,84,181 கார்களைத் திரும்ப அழைத்தது. இத்தகைய அழைப்புகளில் பழுது இலவசமாகச் சரிசெய்யப்படும். நாம் வாங்கும் காரின் சேசிஸ் எண்ணுக்கு நிறைவேற்றப்படாத அழைப்பு ஏதேனும் உண்டா என்று அங்கீகரிக்கப்பட்ட பணிமனையில் கேட்டறிவதற்குச் செலவில்லை.

கணக்கைப் பார்ப்போம்

இனி வரும் தொகைகளும் வாய்ப்புகளும் கணக்கிடும் முறையை விளக்க நாம் அமைத்துக்கொண்டவை. வாசகர்கள் தம் காருக்குரிய எண்களைப் பணிமனையில் கேட்டு இட்டுக்கொள்ளலாம்.

ஓராண்டு உத்தரவாதத்தின் விலை 60,000 ரூபாய். 18 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்த்து 70,800 ரூபாய். ஒரு கோரிக்கைக்கு உச்சவரம்பு 1,50,000 ரூபாய். வரம்புக்குட்பட்ட தொகையில் பத்தில் ஒரு பங்கு நம் பொறுப்பு.

கியர்பாக்ஸ் கட்டுப்பாட்டுப் பகுதியை மாற்ற 2,50,000 ரூபாய். ஓராண்டில் அது பழுதாக நூற்றுக்குப் பத்து வாய்ப்பு. டர்போவுக்கு 1,50,000 ரூபாய், நூற்றுக்கு எட்டு. குளிர்சாதனமும் மின்னணுப் பகுதிகளும் சேர்ந்து 60,000 ரூபாய்; நூற்றுக்கு இருபது. உச்சவரம்பைக் கருதினால் இவற்றின் எதிர்பார்ப்பு மதிப்பு முறையே 15,000, 12,000, 12,000 ரூபாய், ஆக 39,000. நம் பங்கைக் கழித்தால் 35,100 ரூபாய். அதாவது 70,800 கொடுத்து, சராசரியாக 35,100 மதிப்புள்ள பாதுகாப்பைப் பெறுகிறோம்.

இதனால் மட்டும் ஒப்பந்தம் வீண் என்று முடிவு கட்டிவிட முடியாது. தாங்க முடியாத பேரிழப்பைத் தவிர்க்கச் சராசரியைவிடக் கூடுதலாகக் கொடுப்பது அறிவுடைமையே. எல்லாக் காப்பீடும் அவ்வாறே இயங்குகிறது. ஆனால் பேரிழப்பு நேரும் நாளில் இந்த ஒப்பந்தம் என்ன செய்கிறது என்று பாருங்கள். கியர்பாக்ஸுக்கு 2,50,000 செலவானால் நமக்குக் கிடைப்பது 1,35,000. கையிலிருந்து போவது 1,15,000. இடர் மிகப் பெரிதாகும் இடத்தில்தான் பாதுகாப்பு மெலிகிறது. ஆகவே விலையைவிட உச்சவரம்பே முதலில் பார்க்க வேண்டிய எண்.

கடனில் சேர்க்கலாமா?

விற்பனையகங்களில் உத்தரவாதத் தொகையைக் கார் கடனுடனேயே சேர்த்துவிடுமாறு கூறுவதுண்டு. 70,800 ரூபாயை 12 விழுக்காடு வட்டியில் ஐந்தாண்டுத் தவணையாக்கினால் மாதம் 1,575 ரூபாய். மொத்தம் சுமார் 94,500 ரூபாய். பாதுகாப்பு ஓராண்டில் முடிந்துவிடும். தவணையோ மேலும் நான்கு ஆண்டுகள் தொடரும். கடன் தருவதற்கு உத்தரவாதம் நிபந்தனை என்று எவரேனும் சொன்னால் எழுத்தில் கேளுங்கள். ரிசர்வ் வங்கியின் விதிப்படி, 2024 அக்டோபர் 1 முதல் வழங்கப்படும் சில்லறைக் கடன்களுக்கு முக்கிய விவர அறிக்கை தரப்பட வேண்டும். வங்கி பிறர் சார்பில் வசூலிக்கும் கட்டணங்களும் அதில் தனியே காட்டப்பட வேண்டும். கையொப்பமிடுமுன் அந்த அறிக்கையை வரிவரியாகப் படியுங்கள்.

மாற்று வழி ஒன்றும் உண்டு. மாதம் 5,900 ரூபாய் தொடர் வைப்பில் செலுத்தினால், பன்னிரண்டு மாதங்களில் அதே 70,800 ரூபாய் வட்டியுடன் நம் கையில் இருக்கும். பழுது வராவிட்டால் அது நம் பணமே. இதன் குறை, முதல் மாதங்களிலேயே பழுது வந்தால் நிதி போதாது என்பது. அக்குறையைப் போக்க, கார் வாங்கும்போதே ஒரு தொகையைத் தனியே ஒதுக்கிவைக்க வேண்டும். அவ்வாறு ஒதுக்க இயலாதபடி கார் விலையே சேமிப்பு முழுவதையும் விழுங்குமாயின், சிக்கல் உத்தரவாதத்தில் இல்லை. அந்தக் கார் நம் வசதிக்கு மீறியது என்பதே பொருள்.

எப்போது வாங்கலாம்?

தயாரிப்பாளரே பொறுப்பேற்று, கியர்பாக்ஸ் மின்னணுப் பகுதியையும் டர்போவையும் பெயர் சொல்லிச் சேர்த்து, உச்சவரம்பு பெரும்பழுதின் செலவை எட்டுமாறு அமைந்து, அருகிலுள்ள பணிமனையிலேயே பயன்படுத்தத்தக்கதாக இருந்தால் வாங்கலாம். சேர்ந்தவற்றை மட்டும் பட்டியலிடும் ஒப்பந்தத்தைவிட, விலக்கப்பட்டவற்றை மட்டும் பட்டியலிட்டு ஏனையவற்றை ஏற்கும் ஒப்பந்தமே நமக்குச் சாதகமானது. சர்வீஸ் பதிவேடு இல்லாத காருக்கும், மாற்றங்கள் செய்யப்பட்ட காருக்கும் எந்த உத்தரவாதமும் வாங்காதீர்கள். இயன்றால் அக்காரையே வாங்காதீர்கள். எதை வாங்குமுன்னும் தனிப் பணிமனையில் முழுப் பரிசோதனை செய்வதே சிறந்த முதலீடு.

உரிமை மறுக்கப்பட்டால்

மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் பெறுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே ஆணையத்தில் முறையிடலாம். விற்றவரின் ஊருக்குச் செல்ல வேண்டியதில்லை. செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை. காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டாண்டுகளுக்குள் முறையிட வேண்டும். ஒப்பந்தம் காப்பீட்டு நிறுவனம் வழங்கிய பாலிசியாக இருந்தால், கேரளத்தவர் கொச்சியிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரையும் அணுகலாம்.

இவையனைத்துக்கும் கையிலிருக்க வேண்டியவை மூன்று: ஒப்பந்தத்தின் முழுப் படி, பணம் செலுத்திய ரசீது, சர்வீஸ் பதிவேடு. விற்பனையாளர் வாய்மொழியாகச் சொன்னது எதுவாயினும், இத்தாள்களில் இல்லாதது நம் உரிமை ஆகாது.