கொச்சிக்கடையில் ஒரு கற்றளி

கற்கோயில் காண்பதற்குத் தஞ்சாவூருக்கோ மதுரைக்கோ போகவேண்டும் என்றே கொழும்பில் வளரும் நம் பிள்ளைகள் பலர் எண்ணுகின்றனர். வெள்ளவத்தையிலிருந்து காலி வீதி வழியே வடக்கே சென்று, கொட்டாஞ்சேனையை அடுத்த கொச்சிக்கடையை அடைந்தால் அத்தகைய கோயில் ஒன்றைக் காணலாம். அதுவே ஸ்ரீ பொன்னம்பலவாணேசுவரர் ஆலயம்.

1856ஆம் ஆண்டளவில் பொன்னம்பல முதலியார் இவ்வாலயத்தை அமைத்தார். அரை நூற்றாண்டின் பின் அவர் மைந்தர் சேர் பொன்னம்பலம் இராமநாதன், 1907இல் திருப்பணி தொடங்கி, கருங்கல்லினாலே புதுக்கி, 1912இல் குடமுழுக்குச் செய்வித்தார். தந்தை எடுத்ததை மைந்தர் நிலைக்கச் செய்தார். கல்லால் எடுத்த கோயிலைக் கற்றளி என்பது நம் முன்னோர் வழக்கு.

அங்கு செல்வோர் வழிபாடு முடிந்ததும் உடனே திரும்பாது, தூண்களை ஆறுதலாக நோக்குதல் வேண்டும். தூணின் தலையில் அமர்ந்திருப்பது போதிகை. அது தாங்குவது உத்தரம். இப்பெயர்களைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்போர் அருகி வருகின்றனர். சொல் மறைந்தால் சிற்பமும் வெறுங் கல்லாகவே தோன்றும்.

ஆகவே, விடுமுறைக்கு வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரின் பிள்ளைகளைக் கடைத்தெருவுக்கு மட்டும் கூட்டிச் செல்லாது, இக்கற்றளிக்கும் அழைத்துச் சென்று விளக்குவது பெரியோராகிய நம் கடமையாகும்.